டைரக்டரின் திருத்தங்கள்

எங்கள் துறையின் கழிப்பறையில் தண்ணீர் வராது. பியூன் அழகர்சாமி ஒரு அட்டையில் ‘தண்ணீர் வராது’ என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் அந்த அட்டையில் ‘வராது’ என்ற சொல் அடிக்கப்பட்டு, பச்சை மையில் ‘விநியோகம் மேம்படுத்தப்பட்டு வருகிறது’ என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள் எதிரே இருந்த எண்ணெய் ஆலைக்குப் போய்க் கேட்டு வாளியில் தூக்கி வந்தார்கள். நான் அங்கே வேலை பார்த்த மூன்று வருடமும் அந்த அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது.

பச்சை மையில் எழுதியவர் எங்கள் டைரக்டர். ஒரு அரசுப் பல்கலைக்கழகம் விருதுநகரில் திறந்து வைத்திருந்த மேலாண்மைப் பள்ளிக்கு அவர்தான் தலைவர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஃப்ளெக்ஸ் போர்டு ஊருக்குள் அப்போதுதான் வந்திருந்தது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எம்.பி.ஏ. என்று போட்டால் பெண் வீட்டார் இரண்டு தடவை வாசிப்பார்கள். நான் அங்கே கெஸ்ட் லெக்சரர். வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம். வகுப்பு இல்லாத மாதம் சம்பளமும் இல்லை.

பள்ளி நடந்த கட்டடம் முன்பு மிளகாய் வற்றல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்தது. வெள்ளையடித்து, தடுப்புப் போட்டு, மேசை நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆனால் காரம் சுவருக்குள் இறங்கியிருந்தது. மின்விசிறியை வேகமாக வைத்தால் முன்வரிசை தும்மும். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தபோது குழுத் தலைவர் நாலு தடவை தும்மிவிட்டு, “இது என்ன சார் எடம்” என்று கேட்டார். டைரக்டர் கொஞ்சமும் அசையாமல், “வரலாற்றுச் சிறப்புமிக்க வணிக வளாகம் சார். பிள்ளைங்க மார்க்கெட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மார்க்கெட்டிங் படிக்குதுங்க” என்றார். குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டார்.

இதுதான் அவருடைய ஒரே வித்தை. ஒரு காரியம் கெட்டுக் கிடந்தால் அதன் பெயரை மாற்றுவார். பெயர் மாறியதும் காரியம் சரியாகிவிட்டது என்று மனதார நம்புவார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று நீலம், ஒன்று பச்சை. நீலப் பேனாவை அவர் திறந்து நான் பார்த்ததே இல்லை. விடுப்பு விண்ணப்பமோ, தேநீர்க்கடைச் சீட்டோ, யாரோ கொண்டுவந்து நீட்டும் காதணி விழாப் பத்திரிகையோ, கையில் வாங்கியதும் பச்சைப் பேனாவின் மூடி திறக்கும். தன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை அழகர்சாமி கொண்டுபோய்க் கொடுத்தபோது, ‘எளிய இல்லம்’ என்பதை ‘கனவு இல்லம்’ என்று திருத்திக் கையில் திருப்பிக் கொடுத்தார். ஐந்நூறு பத்திரிகை ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

என்னை அவர் வேலைக்கு எடுத்ததும் ஒரு திருத்தத்தில்தான். ‘எம்.ஃபில். முடித்து இரண்டு வருடமாக வேலை இல்லாமல் இருக்கிறேன்’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்து, உச்சுக் கொட்டினார்.

“இப்படி எழுதலாமா மேடம்? நம்மளை நாமளே குறைச்சுக்கலாமா?”

‘இரண்டு ஆண்டுகளாகத் தன்னைச் செம்மைப்படுத்தி வருகிறார்’ என்று பச்சையில் எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். அன்றைக்கு எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம் அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு இருந்தவளுக்கு அந்த ஒரு வரி குளிர்ந்த மோர் மாதிரி இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அதை இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வருடத்துக்கு ஒரு புதிய படிப்பாவது அவர் தொடங்குவார். முழுநேர எம்.பி.ஏ. இருந்தது. முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்காக வார இறுதி எம்.பி.ஏ. வந்தது. பிறகு பட்டாசுத் தொழில் மேலாண்மையில் ஒரு டிப்ளமா, அச்சுத் தொழில் மேலாண்மையில் ஒரு டிப்ளமா. ஒவ்வொன்றுக்கும் துவக்க விழா, குத்துவிளக்கு, சால்வை, ஃப்ளெக்ஸில் அவர் படம். விழா முடிந்ததும் அந்தப் படிப்பைப் பற்றி அவருக்கு ஞாபகமே இருக்காது. பாடம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அட்டைதான் வேறு.

இதை டைரக்டர் எடுத்த வார இறுதி வகுப்பில் ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகக் குடும்பம். எழுந்து நின்று அடக்கமாகத்தான் கேட்டான்.

“சார், பட்டாசு டிப்ளமாவுல எங்க அண்ணன் படிச்ச புஸ்தகமும் இப்ப எங்களுக்குக் குடுத்திருக்கதும் ஒண்ணா இருக்கே. அட்டை மட்டும் வேற. அட்டை எங்க பிரஸ்லதான் சார் அடிச்சோம், அதான் தெரியும்.”

வகுப்பு சிரித்தது. டைரக்டரும் சிரித்தார்.

“நீங்க வருசா வருசம் காலண்டர் அடிக்கிறீங்களே தம்பி, முருகன் படம் அதேதானே? ஜனங்க வாங்கலையா?”

“தேதி மாறும்ல சார்” என்றான் அவன்.

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நல்ல விவாதம்” என்று வகுப்பை முடித்தார். அந்த மாத அறிக்கையில் ‘பாடத்திட்டம் குறித்து மாணவர்களுடன் கலந்துரையாடல் நடத்தப்பட்டது’ என்று இருந்தது.

காசு விஷயத்தில் அவர் சுத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள். டவுன் பஸ்ஸில்தான் வருவார். மதியம் எவர்சில்வர் டப்பாவில் தயிர்ச்சோறும் ஊறுகாயும். யாரிடமும் ஒரு தேநீர்கூட ஓசியில் குடிக்க மாட்டார். இதை அவருக்கு ஆதரவாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறவனுக்கு அது பொய் என்றாவது தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது.

ஆய்வுக் குழு வந்த அன்று மதியச் சாப்பாட்டில், தன் குடும்பத்தைப் பற்றிக் குழுத் தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க அம்மா பேக்கேஜிங் துறையில இருந்தவங்க சார். தொழில் எனக்கு ரத்தத்துலயே இருக்கு.” இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அழகர்சாமி பிறகு வெளியே கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார்.

“பேக்கேஜிங்காம்ல மேடம். எங்க ஆத்தாளும் அவுக ஆத்தாளும் ஒரே வாசல்ல ஒக்காந்து தீப்பெட்டி ஒட்டுனவக. பசை தோஞ்சு தோஞ்சு அவுக ஆத்தாளுக்கு வெரலு பூரா வெடிச்சிருக்கும். சோத்தப் பெசஞ்சு திங்க முடியாம கரண்டிலதான் திம்பாக. அந்தம்மா ஒட்டி ஒட்டித்தான் இவரப் படிக்க வச்சாக.” சாம்பார் வாளியைக் கீழே வைத்தவர், “சொன்னா என்ன கொறஞ்சா போயிருவாரு” என்றார்.

அந்த அம்மாவுக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. மகனுக்காக வரவில்லை.

முத்துமாரி எங்கள் முழுநேர எம்.பி.ஏ. மாணவி. சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டிப் பெண். அவள் அம்மா செல்லத்தாய் பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறவர். முத்துமாரியும் பள்ளி விடுமுறை, கல்லூரி விடுமுறை எல்லாவற்றிலும் அதே ஆலை வேனில் ஏறிப் போய்ப் பின்னியவள்தான். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். கையில் எதையாவது வைத்து முறுக்கிக்கொண்டே பாடம் கேட்பாள். பேனா மூடியில் நூலைச் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள்.

இரண்டாம் வருடம் மாணவர்களைத் தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போக வேண்டும் என்பது விதி. அவள் அம்மா வேலை பார்த்த ஆலைக்கே போனோம். அந்த ஆலை முதலாளி எங்கள் பள்ளிக்கு ஒரு கருத்தரங்கக் கூடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். டைரக்டர் அன்று பளபளவென்று புது சஃபாரி போட்டுக்கொண்டு பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். வாசலில் ஃபோர்மேன் எங்களை நிறுத்தினார்.

“செல்போனு, சாவி, பெல்ட்டு எல்லாத்தையும் இங்கன வச்சிருங்க. சார், உங்க சட்டை என்ன துணி?”

“ஏன்?”

“பாலியஸ்டரு மாதிரி இருக்கே. அதப் போட்டு உள்ள வரப்படாது சார். உரசுனா பொறி வந்துரும். நூலு துணிதான் ஆகும்.” ஆணியில் தொங்கிய ஒரு பருத்திச் சட்டையை எடுத்து நீட்டினார். “இத மாட்டிக்கோங்க. தொவச்சதுதான்.”

அலுமினியத் தூள் படிந்து வெள்ளியாக மின்னிய அந்தப் பழைய சட்டையை டைரக்டர் கையால் தொடவில்லை.

“நான் இங்கேயிருந்தே மொத்தமாப் பார்க்கிறேன். மேனேஜ்மென்ட்ல இதுக்கு ஹெலிகாப்டர் வியூன்னு பேரு.”

வாசல் வேப்பமரத்தடியில் அவருக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். நாங்கள் உள்ளே போனோம். ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, தள்ளித் தள்ளி இருந்தது. அறைச் சுவரில் ‘4 பேர் மட்டும்’ என்று வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது. செல்லத்தாய் இருந்த அறையில் ஏழு பேர் இருந்தார்கள். கதவு ஓரத்தில் பின்னி முடித்த சரங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. ஒரு ஆள் பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் வெளியே வர முடியும். மகளைப் பார்த்ததும் செல்லத்தாய் சிரித்தார்; கைகள் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் சொன்னார், “என்னடி மாரி, மேல்படிப்புக்காரவகளக் கூட்டியாந்துட்டியா. வந்து ரெண்டு சரம் பின்னிட்டுப் போகச் சொல்லு. சீசனு, ஆர்டரு கெடக்கு.”

நாங்கள் வெளியே வரும்போது டைரக்டர் மோர் குடித்து முடித்திருந்தார். பள்ளியின் செய்தி மடலில், ‘இயக்குநர் ஒவ்வொரு பிரிவையும் நேரில் பார்வையிட்டுத் தொழிலாளர்களுடன் உரையாடினார்’ என்று வந்தது.

அதற்கு அடுத்த மாதம் முத்துமாரி தன் பிராஜெக்ட்டுக்கு அந்த ஆலையையே எடுத்துக்கொண்டாள். பணியிடப் பாதுகாப்பு என்பது தலைப்பு. நான்தான் கைடு. நான் தயாரித்துக் கொடுத்த கேள்வித்தாளை அவள் கொண்டுபோன இரண்டாம் நாளே மடித்துப் பையில் வைத்துவிட்டாள். “டிக் அடிக்கச் சொன்னா எல்லாத்துக்கும் நல்லதுலயே அடிக்காக மேடம். பக்கத்துல சூப்பர்வைசர் நிக்காரு.” அதனால் காலையிலும் மாலையிலும் வேனில் அவர்கள் கூடவே போய் வந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசி, ஒரு நீள நோட்டில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். அந்த நோட்டு முழுவதையும் நான் படித்தேன்.

‘தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்’ என்ற கேள்விக்கு ஒரு பெண் சொல்லியிருந்தார்: “ஓடணும்னா மொதல்ல வாசல்ல பெட்டி இருக்கக் கூடாது.” இன்னொருவர்: “வேன்ல ஏறும்போதே சாமியக் கும்பிட்டுத்தான் ஏறுவோம். ராத்திரி எறங்குனா அன்னைக்கி தப்பிச்சோம்.” செல்லத்தாய் சொன்னதையும் அவள் எழுதியிருந்தாள், அம்மா என்று போடாமல், ‘தொழிலாளி, வயது நாற்பத்தாறு’ என்று: “பயமா இருக்கு. பயத்தோடதான் பின்னுதேன். கை பழகிருச்சு, மனசு பழகல.”

நான் வாசித்த பிராஜெக்ட்டுகளில் அதுதான் நிஜமான ஒன்று. மற்றவர்கள் ஜெராக்ஸ் கடையில் முந்தைய வருடத்துப் பிரதியை வாங்கி, கம்பெனி பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருவார்கள்.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். முத்துமாரியின் பிரதி மேசையில் இருந்தது.

“நல்லாப் பண்ணியிருக்கு பொண்ணு. ஆனா மொழி சரியில்லையே மேடம். மேனேஜ்மென்ட் மொழி இல்லையே.”

“அவங்க சொன்னது சார் அது.”

“அவங்க சொல்லுவாங்க. படிக்காதவங்க. அதை நாமதானே மேனேஜ்மென்ட் மொழிக்குக் கொண்டு வரணும்? நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதிக்கோங்க.”

எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் பேனாவைத் திறக்கிற மனிதர் அன்றைக்குத் திறக்கவில்லை. இரண்டு பேனாவும் பையிலேயே இருந்தன. கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்துச் சொன்னார். நான் எழுதினேன். பிராஜெக்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும். அறைக்கு ஏழு பேர் என்பது ‘குழுவாகப் பணியாற்றும் பண்பு’ ஆனது. வாசலை மறித்த பெட்டிகள் ‘எளிதில் எடுக்கும்படி அடுக்கப்பட்ட உற்பத்திப் பொருள்கள்’ ஆயின. பயம், ‘உயர்ந்த பாதுகாப்பு விழிப்புணர்வு’ ஆனது. கடைசிப் பக்கத்தில் தொழிலாளர்கள் நிறைவோடு இருப்பதாக ஒரு வரி.

“முதலாளி ஒரு பிரதி கேட்டிருக்கார். கூடத்துக்கு அஸ்திவாரம் போடுற நேரம். நீங்களே மாத்தி, பொண்ணுகிட்ட கையெழுத்து வாங்கிருங்க” என்றார்.

முத்துமாரி புதுப் பிரதியை நின்றபடியே வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுத் திரும்ப ஒரு பக்கத்துக்குப் போனாள்.

“மேடம், எங்கம்மா பயமா இருக்குன்னுதான் சொன்னாக. விழிப்புணர்வா இருக்குன்னு சொல்லலயே.”

“தெரியும் மாரி.”

“பின்ன?”

“இது மார்க்குக்காக எழுதுறது. உள்ளே போய் யாரு படிக்கப் போறா? பாஸ் பண்ணி ஒரு வேலைக்குப் போனா உங்கம்மாவ வேலைய விட்டே நிறுத்திரலாம்ல. கையெழுத்துப் போடு.”

அதைச் சொன்னது டைரக்டர் இல்லை, நான். குரல்கூட அவர் குரல் மாதிரியே இருந்திருக்கும். அடுத்த பருவத்தில் எனக்கு வகுப்பு கொடுப்பதும் கொடுக்காததும் அவர் கையில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் போட்டாள். வாய்மொழித் தேர்வில் அந்த வருடத்தின் மிக உயர்ந்த மதிப்பெண் அவளுக்குத்தான். டைரக்டர் எழுந்து நின்று கை தட்டினார்.

புரட்டாசியில் அந்த ஆலை வெடித்தது. தீபாவளிக்கு லோடு போய்க்கொண்டிருந்த நேரம். முத்துமாரி அன்று தற்காலிகச் சான்றிதழ் வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மத்தியானம் அழகர்சாமியின் செல்போனுக்கு யாரோ கூப்பிட்டார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்தார். அவள் சான்றிதழை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். நானும் கூடப் போனேன். சிவகாசி பஸ்ஸில் ஒரு மணி நேரமும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மூன்று அறைகள் இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை என்றார்கள். செல்லத்தாய் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாசல் பெட்டிகளின் மேலேயே ஏறி விழுந்து வெளியே வந்திருக்கிறார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்திருந்தன.

பத்து நாளில் விசாரணை தொடங்கியது. ஆலை தரப்பில் பாதுகாப்பு ஒழுங்காகத்தான் இருந்தது என்று காட்ட ஒரு ஆவணத்தைக் கொடுத்தார்கள். அரசுப் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது முத்துமாரியின் பிராஜெக்ட். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து. மாணவி, கைடு, டைரக்டர் மூன்று பேரும் சூலக்கரையில் கலெக்டர் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று கடிதம் வந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு டைரக்டர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். செல்லத்தாயின் கைகள் இரண்டும் கட்டுக்குள் இருந்தன. முத்துமாரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். டைரக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

“உங்க பொண்ணு நல்ல நிலைமைக்கு வர வேண்டிய பொண்ணு. அங்க போய் உணர்ச்சிவசப்பட்டு எதையாவது சொல்லிட்டா அதோட எதிர்காலம் பாதிக்கும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்கும்.”

செல்லத்தாய் தலையை மட்டும் அவர் பக்கம் திருப்பினார்.

“சார், எங்க ரூம்ல ஏழு பேரு இருந்தோம். நானும் அந்தக் கடைசிக் கட்டில்ல கெடக்கவளும்தான் மிச்சம். மத்த அஞ்சு பேரும் தெனம் எம் பக்கத்துல ஒக்காந்து பின்னுனவக. எம் மக என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன் சார். அவ படிச்ச புள்ள.” பிறகு, “பழத்த எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு எடுத்துத் திங்கக் கையில்ல” என்றார்.

டைரக்டர் பழத்தை எடுக்கவில்லை. எழுந்து வெளியே வந்து, படியில் நின்று, கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். அந்த நேரம் அவர் முகத்தில் ஏதோ இருந்தது. வெடித்த விரல்களோடு கரண்டியில் சோறு தின்ற தன் ஆத்தாளை நினைத்தாரோ என்று எனக்குத் தோன்றியது. பஸ் ஏறியதும் சொன்னார்: “அந்தம்மா மனநிலை பாசிட்டிவா இல்ல. கவுன்சிலிங் குடுக்கணும்.”

சூலக்கரையில் விசாரணை அதிகாரியின் அறையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரி பிராஜெக்ட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார்.

“இது உன் கையெழுத்தா?”

“என்னோடதுதான் சார்” என்றாள் முத்துமாரி. “உள்ள இருக்கது என்னோடது இல்ல.” பையிலிருந்து நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். “இதுதான் நான் எழுதுனது.”

அதிகாரி நோட்டைப் புரட்டினார். நாலைந்து பக்கம் படித்தார். பிறகு பிராஜெக்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

“யார் மாத்தினது?”

முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

“நான்தான் சார் மாத்தினேன்” என்றேன். “டைரக்டர் சொன்னார், நான் எழுதினேன்.”

அதிகாரி டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் மொழிநடையைக் கொஞ்சம் சீர்படுத்தச் சொன்னேன் சார். அவ்வளவுதான். என் கையால ஒரு எழுத்து மாத்தலை. வேணும்னா பாருங்க.”

“ஏழு பேருங்கிறது மொழிநடையா?” என்று அதிகாரி கேட்டார்.

டைரக்டருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நான் அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாய் இரண்டு முறை திறந்து மூடியது. அதிகாரி அதற்காகக் காத்திருக்கவில்லை. பிராஜெக்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார்.

பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆலை உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வருடம் அது முதலாளியின் மருமகன் பெயரில் திறந்தது. பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. மாணவிக்கும் வழிகாட்டிக்கும் இடையே புரிதல் குறைபாடு ஏற்பட்டதாகக் குழு எழுதியது. அந்த வாக்கியத்தை யார் அமைத்துக் கொடுத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கருத்தரங்கக் கூடம் மட்டும் வரவில்லை. அஸ்திவாரக் குழியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அடுத்த பருவத்துக் கால அட்டவணையில் என் பெயர் இல்லை.

முத்துமாரி ஒரு காரியம் செய்தாள். அந்த மதிப்பெண் எனக்கு வேண்டாம், பிராஜெக்ட்டை ரத்து செய்யுங்கள், மறுபடி எழுதித் தருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். அப்படி ஒரு விண்ணப்பம் அதுவரை யாரும் போட்டதில்லை. விதி தேடிக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போனது. அந்த ஒரு வருடமும் அம்மாவுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, சேலை கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் எழுதினாள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். டைரக்டர் தலைமையில் உட்கார்ந்திருந்தார். நான் அங்கே இல்லை; தேநீர் கொண்டு போன அழகர்சாமி சொல்லித்தான் தெரியும்.

டைரக்டர் கேட்டாராம், “‘பயம்’னு இத்தனை இடத்துல எழுதியிருக்கியே. பயம்ங்கிறது மேனேஜ்மென்ட் பாடத்துல எங்கேயுமே இல்லையேம்மா?”

“இல்ல சார். இனிமே சேத்துக்கோங்க” என்றாளாம்.

“அம்புட்டுதான் மேடம் சொல்லுச்சு. சத்தமாக்கூடப் பேசல” என்றார் அழகர்சாமி. “வெளியூரு சாரு அதுக்கு மேல ஒண்ணுமே கேக்கல. டீயக்கூடக் குடிக்காமப் போயிட்டாரு.”

தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மதிப்பெண் போட்டார்கள். ஒன்றுகூடக் கூடுதல் இல்லை. அதை வாங்கிக்கொண்டு அவள் திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

நான் அனுபவச் சான்றிதழ் வாங்க டைரக்டரிடம் போனேன். அது இல்லாமல் வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. உட்காரச் சொன்னார், அம்மாவின் உடம்பு எப்படி என்று விசாரித்தார். டைப் அடித்து வந்த தாளை ஒரு தடவை பார்த்து, பச்சைப் பேனாவைத் திறந்து, ஒரு வரியை அடித்து வேறு எழுதி, மறுபடி டைப் அடிக்கச் சொல்லி அனுப்பினார். புதுத் தாள் வந்தது. ‘உயர் வாய்ப்புகளை நாடித் தாமாக முன்வந்து விடைபெற்றார். இவருடைய நேர்மை குறிப்பிடத்தக்கது’ என்று இருந்தது.

“சார், நான் முன்வந்து போகலையே. நீங்கதான் நிறுத்திட்டீங்க” என்றேன்.

“உங்க நன்மைக்குத்தான் மேடம். உள்ளதை எழுதினா உங்களுக்கு யாரு வேலை குடுப்பா?”

கேலியே இல்லாமல், உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அவர் சொன்னது சரி. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நான் பாடம் நடத்துகிற கல்லூரியில் அதைக் காட்டித்தான் சேர்ந்தேன்.